பூட்டியாச்சு மக்கா

பாறைக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடியே என் நினைவில் நிற்கும் அப்பாவுக்கு,

அம்மாவும் தங்கச்சி மாளுவும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம்தான். தமிழ் எழுத நீங்கள் சொல்லித் தந்ததோடு சரி.

இன்று பாறையில் ஒன்று நடந்தது. நடக்கவிருந்தது என்று சொல்ல வேண்டும். அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் திரும்பவும் பாறை ஏறத் தொடங்கிவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் போனபிறகு கயிற்றுப் பை மழைக்காலம் முழுக்க ஆணியிலேயே தொங்கிக் கிடந்தது. திருவனந்தபுரத்தில் அத்தனை உயரக் கட்டிடங்களில் கயிற்றில் தொங்கி பெயிண்ட் அடித்தவர் நீங்கள். ஒருநாள்கூட ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். கடைசியில் ஒரு எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புரிவதில்லை.

பையை எடுத்தது அம்மாதான். பாலராமபுரத்தில் துணிக்கடை வேலைக்குப் போகத் தொடங்கியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்கட்டி, பாறைக்குப் போவோம்" என்றாள். வெள்ளறடை பஸ்ஸில் போய் இறங்கி, ரப்பர் தோட்டத்துக்குள் நடக்கும்போது, ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த லீலாச்சேச்சி வழியை மறித்தார்.

"மாப்பிள செத்து வருசம் திரும்பல்ல. பெண்ணு பாறை ஏறப் போறாளாக்கும்."

"நானில்ல சேச்சி. பிள்ளையளாக்கும் ஏறுது. நான் கீழ நிண்ணு பிடிப்பேன்."

"குரங்கு ஏறுதே, அதுக்கு ஆராவது கயிறு பிடிக்குதாளா?"

"அதுக்கு வால் உண்டு சேச்சி. இதுவளுக்கு கயிறாக்கும்."

லீலாச்சேச்சி சிரித்துவிட்டார். ஆனால் நாங்கள் கடந்தபிறகு, "விழுந்தா ஆரு பதில் சொல்லுவா?" என்று பின்னால் கேட்டது. அம்மாவின் நடை ஒரு கணம் நின்றது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏதாவது பிழைச்சுதுண்ணா கயிற அடுப்பில வச்சிருவேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொன்னாளா என்று தெரியவில்லை.

நீங்கள் செய்த மாதிரியே எல்லாம் செய்தோம். அம்மா பின்பக்கச் சரிவு வழியாக உச்சிக்குப் போய் அயனி மரத்திலும் அதற்கு அடுத்த மரத்திலும் சேர்த்து ஒரு வளையத்தைக் கட்டி, அதன் வழியாகக் கயிற்றின் இரண்டு பக்கத்தையும் கீழே விட்டாள். கயிற்றின் ஒரு முனையை நான் இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டேன். மறுபக்கம், கயிறு ஓடும் சின்னக் கருவி வழியாக, அம்மாவின் இடுப்புக் கொக்கியில். கொக்கியின் வாய் திறக்காமலிருக்க அதன் திருகைச் சுற்றிப் பூட்ட வேண்டும். பிறகு வழக்கம்போலக் கேட்டேன்.

"கெட்டு?"

அம்மா என் முடிச்சை இழுத்துப் பார்த்து, "கெட்டியாச்சு" என்றாள்.

"பூட்டு?"

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பதில் சொல்கிறவர் நீங்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். காற்றில் ரப்பர் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. அப்போது மாளு நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "பூட்டியாச்சு மக்கா. ஏறு" என்றாள். முன்பல் இரண்டும் விழுந்துபோன வாயோடு, அச்சு அசலாக உங்களை மாதிரி. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போனபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் "பூட்டு?" என்று கேட்பேன். மாளு உங்கள் குரலில் பதில் சொல்வாள். நீங்கள் எங்களோடு நிற்பதுபோல இருக்கும். அது தப்பா, அப்பா?

இன்று முதலில் ஏறினது மாளு, கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பாதி உயரத்தில் காலில் அட்டை கடித்து அலறினாள். அம்மா அவளை மெதுவாக இறக்கினாள். பைக்குள் உப்புப் பொட்டலம் இருந்தது. அதை எடுக்கப் போவதற்காகத் தன் கொக்கியைக் கயிற்றிலிருந்து கழற்றினாள். உப்பு போட்டு, அட்டை விழுந்து, இரத்தம் நிற்க இலையை வைத்துக் கட்டி, மாளுவைச் சமாதானப்படுத்தி முடித்தபோது எனக்கு அவசரம். மழை வரும்போல இருந்தது. அம்மா திரும்பவும் கொக்கியை மாட்டினாள். மாட்டினதை நான் பார்த்தேன்.

"கெட்டு?"

"கெட்டியாச்சு."

"பூட்டு?"

மாளு கண்ணைத் துடைத்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தினாள். "பூட்டியாச்சு மக்கா. ஏறு."

நான் ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பிளவு உண்டல்லவா, நீங்கள் எப்போதும் "அவசரப்படாத, அங்க விரலுக்கு இடம் உண்டு" என்று சொல்கிற இடம். அங்கே என் கை வழுக்கியது. முழு எடையோடு கயிற்றில் தொங்கினேன். கீழேயிருந்து அம்மா, "பிடிச்சிருக்கேன் மக்களே, பேடிக்காண்டாம்" என்றாள். எனக்குப் பயமே இல்லை. தொங்கிக்கொண்டு சிரித்தேன் அப்பா. அங்கிருந்து பார்த்தால் தெரியும் தண்ணீர் நெய்யாறு அணைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னை இறக்கினாள். கால் தரையில் பட்டதும் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

கொக்கியின் திருகு திறந்தே கிடந்தது. பூட்டவே இல்லை. கயிறு ஓடும் அந்தச் சின்னக் கருவி சரிந்து, கொக்கியின் வாய்க்கு மேலேயே சாய்ந்திருந்தது. நான் ஒரு விரலால் தொட்டேன். வாய் உள்ளே மடங்கித் திறந்துகொண்டது. ஒரே விரலில், அப்பா. நான் அங்கே மேலே சிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

திருகை மெதுவாகச் சுற்றிப் பூட்டினேன்.

"என்னட்டி செய்யுத? கைய எடு, கயிறு சுத்தணும்."

"ஒண்ணும் இல்லம்மா."

மாளு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் நல்லா சொன்னேனா? அப்பாவப்போல இருந்துதா?"

"இருந்துது" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒருநாளாவது நின்ற இடத்திலிருந்து பதில் சொன்னதுண்டா? கிட்டே வருவீர்கள். அம்மாவின் கொக்கியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பீர்கள். அம்மா கேலி செய்வாள்: "நான் பூட்டினதத்தான் பாத்தியள்ளா? பொண்டாட்டிய நம்பப்பிடாதோ?" நீங்கள் சொல்வீர்கள்: "உன்ன நம்பலாம். இந்தக் கொக்கியத்தான் நம்ப ஒக்காது. பாத்தா போராது, அமுக்கணும்." அதன்பிறகுதான் அந்தப் பதில் வரும்.

நாங்கள் உங்கள் குரலை வைத்துக்கொண்டோம். உங்கள் கையை மறந்துவிட்டோம்.

அம்மா ஒவ்வொரு தடவையும் தானாகவே பூட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இன்று ஒரு அட்டைக்காக அவள் மறந்தாள். பார்க்க வேண்டியது நான். மாளு சொன்னதும் நான் ஏறிவிட்டேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

நாளை ஞாயிற்றுக்கிழமை. மாளுவை முதல் தடவையாக உச்சிவரை ஏற்றலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மாளு அயனி மரத்தின் வேரைத் தொட வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்களே, அதற்காக. மாளு இடுப்புப் பட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நாளை உச்சிவரை ஏறப்போகிறவள் உங்கள் குரலில் தனக்குத்தானே பதில் சொன்னால் போதுமா? நான் சொல்வேனா? அம்மா சொல்வாளா? சொன்னால் அந்தக் கொக்கி கேட்குமா?

நான் இன்றைக்குச் சொன்னால் அம்மா கயிற்றை அடுப்பில் வைத்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் சிரிப்பும் அதோடு போய்விடுமே என்று பயந்தேன். தன்னால்தான் அக்கா விழப்பார்த்தாள் என்று மாளு நினைத்துக்கொள்வாளோ என்றும் பயம். இப்போது எல்லாவற்றையும்விட அந்த ஒரு விரல்தான் பயமாக இருக்கிறது.

அதனால் இதைச் செய்வேன். காலையில் அம்மா சாயா போடும் முன்னே அடுக்களையில் போய்ச் சொல்வேன். கொக்கியைக் கையில் கொண்டுபோய்த் திறந்து காட்டுவேன். கயிற்றை எரித்தாலும் எரிக்கட்டும். எரிக்காமல் பாறைக்குப் போனால், மாளு கால் வைக்கும் முன்பு நான் அம்மா பக்கத்தில் போய், மாளுவின் விரலையும் என் விரலையும் சேர்த்துக் கொக்கியை அமுக்குவேன். அது திறக்கவில்லை என்று இரண்டுபேருக்கும் தெரிந்தபிறகு, மாளு தன் சொந்தக் குரலில் சொல்லட்டும். பல் இல்லாத குரலில்.

முதல் தடவை அது உங்களை மாதிரி இல்லாமல் கேட்கும்போது அம்மா அழுவாள் என்று நினைக்கிறேன். நானும் அழுவேன். அழுது முடித்துவிட்டு ஏற்றுவோம்.

இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அப்பா. அமுக்கிப் பார்க்க நான் இருக்கிறேன்.

நீங்கள் சொல்லித்தந்த முடிச்சை இன்னும் மறக்காத மூத்த மகள்,
ஆதிரா