பின்பக்கத்துச் சிவப்பு சீல்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை. ஏ ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏசி போச்சு. ஒரகடம் வருவதற்குள் யூனிஃபார்ம் தொப்பல்.

டீ பிரேக்கில் சங்கத்து குரூப்பில் செய்தி. ஞாயிறு காலை கூட்டம், சிங்கப்பெருமாள் கோவில், வழக்கமான டியூஷன் சென்டர் மாடி. தே. சார் தன் துருவக் கேப்டனை எல்லோருக்கும் காட்டப்போகிறாராம். பனிக்கடலுக்குக் கப்பல் ஓட்டிய பழைய காலத்து மனுஷனின் அசல் கையெழுத்து. ஃபோட்டோவும் போட்டிருக்கிறார், ஃபிரேமோடு. கீழே வரிசையாகக் கைகூப்பு. நான் ஒன்றும் போடவில்லை.

தே. சார் என்றால் தேவராஜன் சார். போல்ட் அளந்து பார்க்கும் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் பதினோரு வருஷம் என் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு ரிட்டயர் ஆனவர். கையெழுத்து சேர்க்கும் எங்கள் சங்கத்தில் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. அசல் என்றால் சர்டிஃபிகேட். போலி என்றால் கம்பெனி வழக்கப்படி பின்பக்கம் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' சீல். வேறு யார் தலையிலும் கட்டிவிடக் கூடாதாம்.

மூன்று வருஷம் முன்னால் அந்த சீலை என் 'மலையேறி அம்மா'வின், பனிச்சிகரம் ஏறிய ஒரு பெண்மணியின், கடிதத்தில் குத்தினார். ஒன்பதாவது படிக்கும்போது நான் எழுதிய கடிதத்துக்கு அவங்க போட்ட பதில் அது. பனியில் வலது கை விரல் மூன்று கருகிப் போய், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இடது கையால் எழுதியது. இரண்டாவது வரியிலேயே அவங்க அதைச் சொல்லியிருக்காங்க. நானும் சொன்னேன். "என்னா வேணா எழுதலாம்மா. அளவு பொய் சொல்லாது" என்றார். சங்கத்து மாதிரிப் புத்தகத்தில் இருந்த அவங்க கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, ஒரே குத்து. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மை முன்பக்கம் வரை ஊறிவிட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் கேப்டன் ஃபோட்டோவையும் கண்ணாடித் தாளில் பிரின்ட் போட்டுக்கொண்டேன். சும்மாதான். அவருடையது எவ்வளவு அழகு என்று பார்த்து வயிறெரியத்தான்.

சங்கம் எல்லோருக்கும் கொடுத்த மாதிரிப் புத்தகத்தில் கேப்டன் கையெழுத்து ஒன்று இருக்கிறது. அதன் அளவுக்குச் சரிசெய்து இன்னொரு பிரின்ட் வாங்கி மேலே வைத்தேன். உட்கார்ந்தது. முதல் எழுத்து, நடுவில் சுழிப்பு, கடைசி வால், எல்லாம். மயிரிழை கூட விலகவில்லை.

போல்ட்டாக இருந்தால் ஓகே போட்டு அனுப்பலாம். கை அப்படிச் செய்யுமா? என் பேரைப் பத்து தடவை எழுதி ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒன்று கூட உட்காரவில்லை. இது புத்தகத்தைப் பார்த்து எவனோ டிரேஸ் எடுத்தது. தே. சார் விலகல் பூஜ்யம் என்று குதித்திருக்கிறார்! இரும்பையே அளந்த கண்.

சாம்பார் அடிப்பிடித்தது. போகட்டும். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து ரொம்ப நாள் ஆச்சு.

ஜூன் 7, சனி

வாரா வாரம் வரும் தண்ணி லாரி வரவில்லை. எங்கள் மண்ணூரே குடத்தோடு தெருவில்.

என்னிடம் இருப்பது ஏழு கையெழுத்து. எல்லாம் ஊர் சுற்றியவர்கள், கடல், மலை, பாலைவனம். நடிகர், கிரிக்கெட் எல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு முன்னெச்சரிக்கைக்கு ஏழையும் அதே மாதிரி சோதித்தேன்.

நாலாவது, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்தவர். உட்கார்ந்துவிட்டது. அப்படியே. சர்டிஃபிகேட்டில் தே. சார் கையாலேயே 'மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது'. நான் ஃபிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தது. பாத்ரூமில் போய் அழுதேன்.

வீட்டுக்காரர் சேகரிடம் சொன்னேன். டியூட்டிக்கு வண்டி எடுக்கப் போகிற அவசரத்தில் இருந்தார். "வுட்டுத் தள்ளு எஸ்தர். அவருத நோண்டுனா உன்னுதையும்தான் நோண்டுவாங்க. மூணு வருசமா இத்தையே மனசுல வச்சிக்கினு கீற" என்றார். அவருக்கென்ன, அவர் சேர்ப்பது தூக்கம் மட்டும்.

ஆனால் சொன்னது சரி. என்னுதையும் நோண்டுவாங்க. அப்போ முதலில் நானே நோண்டிக்கொள்கிறேன். ஒன்று போனால் போகட்டும், அவருடையது போக வேண்டும்.

நாளைக்கு:
கண்ணாடித் தாள் 2 (புத்தகத்து மாதிரிகள்: ஒட்டகக்காரர், கேப்டன்)
வெள்ளைத் தாள், பேனா
என் நாலாவது, ஒட்டகக்காரர்
மலையேறி அம்மா கடிதம் (ஏன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருக்கட்டும்)
கரண்ட் பில் (நேரம் இருந்தால்)

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே உச்சி வெயில். சர்ச்சுக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட், பாதி வெளியே.

தே. சார் வெள்ளைச் சட்டை. மேஜையில் ஃபிரேம், அதன் மேல் துண்டு. பக்கத்தில் சீலும் சிவப்பு மைப் பெட்டியும், எப்போதும் போல. கேப்டனைத் திறக்கும் முன் என் ஒட்டகக்காரரை மறுபடி பார்க்கச் சொன்னேன். தாளை வைத்தேன். உட்கார்ந்தது. அவர் முகம் மலர்ந்து எல்லோரிடமும் சொன்னார், ஒரு நூல் விலகல் இல்லை பாருங்க என்று.

சார் உங்க கையெழுத்தை அஞ்சு தடவை போடுங்க என்றேன். போட்டார். வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். அஞ்சும் அஞ்சு பக்கம். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது, துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீலை எடுத்து என் நாலாவதைத் திருப்பி நானே குத்தினேன். பிறகு துண்டை எடுத்தேன். கேப்டன் மேல் இரண்டாவது தாளை வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வாலோடு உட்கார்ந்தது.

சீலை அவர் பக்கம் நீட்டினேன். "அளவு பொய் சொல்லாது சார். நீங்களே குத்துங்க."

ஃபிரேமின் ஆணியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை. நானும்தான். குத்தினார். லேசாகத்தான் விழுந்தது. மை பத்தவில்லை என்றேன். இன்னொரு தடவை குத்தினார்.

கூட்டம் சீக்கிரம் கலைந்தது. மாடிப்படியில் பின்னாலேயே வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எஸ்தர், அந்த மலைக்காரம்மா லெட்டர நான் படிக்கவே இல்லம்மா. எடுத்தாந்துகீறியா? ஒரு தடவ படிச்சிட்டுத் தரேன்."

"வூட்ல கீது சார்."

பைக்குள்தான் இருந்தது. ஷேர் ஆட்டோவில் மண்ணூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.