டின்னில் மீதி வைக்காதே

மேல் லயம்,
மடுல்சீமை.
ஜனவரி 9

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடி, மூன்று வேளையும் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம். ஜோர்தானில் குளிர் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டோம், நீயும் உன் அறைப் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவர் காவல். மூன்று வேளையும் என்று நான் எழுதியிருப்பதை இன்னொரு தரம் படித்துக்கொள், அது சும்மா எழுதியது இல்லை. அன்றைக்கு போனில் நீ அழுத அழுகையில் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதில் ஏறவில்லை. "கம்பெனியில சொல்லிட்டு வந்துர்றேன்ப்பா" என்றாய், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கினாள், சிக்னலும் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் அம்மாதான் பேசினாள், என் குரலைக் கேட்டால் மறுபடி அழுவாய் என்று என்னைப் பேச விடவில்லை. அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்பும் பலீலாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் கடை ஹாஷிம் நானாவின் மகள்தானே, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

நீ பெட்டியில் போட்டு அனுப்பிய கோழி இறைச்சி டின் பன்னிரண்டையும் அம்மா அடுப்புக்கு மேலே பலகையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பாலன் பிறக்கும் நத்தாருக்குத்தான் திறப்பேன் என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணாந்து காட்டுவாள், துடைத்துத் துடைத்து வைப்பாள், என்னைத் தொடவிடமாட்டாள். டிசம்பர் நடுவில் விடாமல் நாலு நாள் மழை. பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, ஹாஷிம் நானா கடையில் கொஞ்சம் மாவும் உருளைக்கிழங்கும் தவிர ஒன்றும் இல்லை. கீழே பணிய லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்ததால் அங்கிருந்த ஆறு குடும்பத்தையும் மேலே மாதா கோயிலுக்கு ஏற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று காலையில் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஸ்டூலைப் போட்டு ஏறி டின்களை இறக்க ஆரம்பித்துவிட்டாள். நத்தாருக்கு என்றாயே என்று கேட்டேன். "நத்தாரு வர்றப்ப வரட்டும், அங்க சின்னப் புள்ளைங்க வெறும் ரொட்டியப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுக" என்றாள்.

இறக்கும்போதுதான் பார்த்தேன், ஒரு டின் மூடி அப்பம் மாதிரி மேலே ஊதியிருந்தது. வரும் வழியிலேயே விளிம்பில் அடிபட்டிருக்க வேண்டும், அதன்மேல் அடுப்புச் சூடும் சேர்ந்துவிட்டது. இதைச் சேர்க்கக்கூடாது என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். "நல்லாக் கொதிக்க வச்சாச் சரியாப் போயிரும். எம்புள்ள நின்னு நின்னு கால் வீங்கிச் சம்பாரிச்சு அனுப்புனத குழியில போடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். தேயிலை ஸ்டோரில் முப்பது வருஷம் நின்றவன் நான், கெட்டதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு யாரும் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே கெட்டுப்போனதால்தான் ஊதுகிறது, அதைத் திறக்கவும் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது, நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பையில் சுற்றி, மழையோடு மழையாக வாழை மரத்துக்கு அப்பால் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன். நாயும் கிளறாதபடி மேலே கல் வைத்தேன். மீதிப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, துரு இருக்கிறதா, கசிவு இருக்கிறதா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். அம்மா உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டுப் பெருக்கி, பெரிய சட்டியில் பிரட்டல் வைத்தாள். முப்பத்தொரு பேர் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் வயிற்றில் ஒரு சின்னக் கடுப்புகூட இல்லை. நான் கோயில் வாசலில் நின்று டின் பார்ப்பது எப்படி என்று எல்லோருக்கும் பிரசங்கமே வைத்தேன்.

இனிமேல்தான் வெட்கக்கேடு. சட்டி கொள்ளாமல் பதினோராவது டின்னில் பாதி மிஞ்சியது. "இத நாய்க்குப் போட்டுருங்க" என்று அம்மா என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். எனக்கு மனம் வரவில்லை மகளே. ஊதின டின்னைப் புதைக்க முடிந்த எனக்கு, நல்ல இறைச்சியை, நீ அனுப்பியதை, வீச முடியவில்லை. அந்த டின்னிலேயே ஒரு தட்டை வைத்து மூடி, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று அடுப்போரம் வைத்தேன். மறுநாள் மத்தியானம் அம்மா கோயிலில் சமைக்கப் போயிருந்தாள், நான் அதைச் சூடாக்கி ரொட்டியோடு சாப்பிட்டேன். வாடை இல்லை, ருசியும் மாறவில்லை. நாலு மணிக்கு ஆரம்பித்தது. வாந்தி, வயிற்றோட்டம், கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. பாதை இன்னும் திறக்கவில்லை, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. முந்தின நாள் அம்மா கையால் சாப்பிட்ட பணிய லயத்து ஆட்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருந்து கொடுக்கும் மிஸ் சுபாஜினி சேலைன் ஏற்றி, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஒன்றரை நாள் வைத்திருந்து அனுப்பினாள். இவ்வளவுதான் நடந்தது. உனக்கு யாரோ அப்பா பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கிறார் என்று சொன்னார்களாம், நான் பேசாமல் கிடந்தது வெட்கத்தில்.

மிஸ் நன்றாகத் திட்டினாள். "தொறந்துட்டா அப்பறம் அது டின்னு இல்லங்க ஐயா, வெறும் எறைச்சிதான். வெதுவெதுப்புல கெடந்தா வெசம் ஊறிப்போகும், அதுல சிலது கொதிக்க வச்சாலும் போகாது. வாடை வரணும்னு அவசியமே இல்ல" என்றாள். அம்மா திட்டவே இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான் டின்னைப் புதைத்த கதையை, என்னைப் போலவே கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினாள், சேலைன் ஊசியோடு நானும் சிரித்தேன். நத்தாருக்குக் கஞ்சிதான் குடித்தேன், வருஷப் பிறப்புக்குக் கோழி அடித்தோம். பாதையும் திறந்தாயிற்று, பணிய லயத்துக் குடும்பங்களுக்கு மேலே இடம் பார்க்கிறார்கள்.

நேற்று பலீலா சொல்லிக்கொண்டு போக வந்தாள். என் கதையைக் கேட்டுச் சிரித்தவள் பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, கிருஷாந்தியும் இப்படித்தான். காலையில பாதி டின்னு, மீதியக் கட்டிலுக்கடியில வச்சிட்டு வேல முடிஞ்சு வந்து திம்பா. ரூம்ல ஹீட்டர் வேற. கூப்பிட்டாலும் எங்களோட வந்து உக்கார மாட்டா" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீ எதற்காக மிச்சம் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு வயிறு போனபோது தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் இருந்தார்கள், அறைப் பிள்ளைகள் வேலைக்குப் போன நேரம் நீ அங்கே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? மலிவான டின் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை, தேதி பார்த்து, ஊதாத நசுங்காத டின்னாகப் பார்த்து வாங்கிக்கொள். பிரிஜ்ஜில் இடம் இல்லையென்றால் மீதி என்ற பேச்சே வேண்டாம். திறந்தால் அப்போதே முடித்துவிடு, முடியாவிட்டால் வீசிவிடு, அப்பா அனுமதி தருகிறேன். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தனியாகத் திறக்காதே. இன்று உன் டின், நாளைக்கு பலீலா டின், இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சாது.

இப்போதே ஊருக்கு வர டிக்கெட் கேட்டு யாரிடமும் போக வேண்டாம், மே மாதம் எப்படியும் லீவுக்கு வரப்போகிறாய், அப்போது வா. அம்மா உனக்கு நெத்தலிச் சம்பலும் தேயிலைத் தூளும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆண்டவர் உன் கைகால்களுக்குச் சுகத்தையும் மனதுக்குத் தைரியத்தையும் தரட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ இதை வாசித்து முடிக்கும் நேரம் பலீலா உன் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கோபப்படாதே, நான்தான் பார்க்கச் சொன்னேன். பயணக் களைப்போடு வந்த பிள்ளை, அவள் நிமிர்ந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன் நல்ல சுகத்தையே வேண்டிக்கொண்டிருக்கும் அப்பா,
மாணிக்கராஜ்