மண்டபத்தில் கூப்பிட்ட உங்கள் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வாரம் வீட்டில் நடந்த சண்டையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் அம்மா பக்கம்தான் நின்றிருப்பீர்கள், தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாற்று மாணவர்களுக்கென்று ஒரு கௌரவக் கழகம் இருக்கிறது. நல்ல புள்ளி எடுத்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். இந்த முறை என்னையும் தெரிந்தெடுத்தார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் உணவகச் சமையல் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "செத்த சனத்தின்ரை கதையைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பீர்களே. இப்போது நீங்களே அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். என்னைக் கேலி செய்ய வீட்டில் ஆளில்லை.

சேர்க்கும் நாளில் மேடைக்கு அழைத்து, கழுத்தில் நீல நாடா போடுவார்கள். நேரில் வந்து அதை ஏற்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதுதான் வில்லங்கம். உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. வருடம் திரும்பாமல் மாலை மரியாதை ஏறக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். நாடா மாலை இல்லை என்றேன். கழுத்தில் விழுவதெல்லாம் மாலைதான் என்றார். அதன்பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு உங்கள் மேலேயே கோபம் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?

அன்று காலை நான் வெளிக்கிட, அம்மாவும் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டிருந்தாராம். என்னை வாழ்த்த அல்ல, நாடாவைத் தடுக்க. பல்லாரோ சந்தைக்குள்ளால் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தோம்.  எல்லார் முன்னாலும் அம்மா கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வேன்?

இந்த நாட்டில் குடும்பப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் என் பெயருக்கு முன்னால் இருந்த உங்கள் பெயரையே அப்படி எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அது பழகிப்போனது. அம்மாவுக்கு அப்படி இல்லை. ஒருநாளும் உங்கள் பெயரை வாயால் சொன்னவர் இல்லை. நீங்கள் போனபிறகு வீட்டில் அந்தப் பெயர் கேட்கவே இல்லை.

"சிவஞானம்" என்று மேடையிலிருந்து பேராசிரியர் கூப்பிட்டார்.

பக்கத்தில் இருந்த அம்மா திடுக்கிட்டு மண்டப வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதைக் கண்டதும் என்னால் எழும்ப முடியவில்லை, அப்பா.  இரண்டாம் முறையும் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தார்.

அப்போது அம்மாவின் கை என் முதுகைத் தள்ளியது.

"உன்ரை அப்பாவையெல்லோ கூப்பிடுறாங்கள். எழும்பிப் போ பிள்ளை."

போனேன். நாடா போட்டார்கள். திரும்பி வந்ததும் அம்மா அதைக் கழற்றி, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். திவசம் முடிந்தபிறகு உங்கள் படத்துக்குப் போடலாமாம். வீடு வரும்வரை அந்தப் பையை நெஞ்சோடு அணைத்தபடியே நடந்தார்.

அந்த வாசலில் அம்மா யாரைத் தேடினார்? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி எங்கே உங்கள் பெயரைக் கூப்பிட்டாலும், முதல் தடவையிலேயே நான் எழும்பி நிற்பேன்.

உங்கள் மூத்த மகள்