சுண்ணாம்பு டப்பாவின் மூடி

அண்ணா, இன்று காலை சுண்ணாம்பு டப்பாவின் மூடி கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. டிங். வெற்றிலைக்கு நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பள்ளியை விட்டு, பர்மா நாட்டுத் தாகேதாவில் நம் வெற்றிலைக் கடையில் உட்கார்ந்த புதிதில், ஆள் வந்தாலே நான் பலகைக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். நீ திட்டியதில்லை. விரலைத் துப்பாக்கியாக்கி எட்டு முறை சுடுவாய். பிறகு மூடியைச் சுண்டிவிடுவாய்.

"காலி! இப்ப வெளிய வா பாப்பா."

உனக்குப் பிடித்த துப்பாக்கிக் கதைகளிலிருந்து வந்த விளையாட்டு அது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டியிருந்த காலத்தில், வெடிப்பின் வேகத்தையே அந்த வேலையைச் செய்ய வைத்தார் மெக்சிகோ படை அதிகாரி ஒருவர். பிறகு, கனடாவில் பிறந்து அமெரிக்க ஆயுதச்சாலையில் சம்பளத்துக்கு இருந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து அப்படி இன்னொரு துப்பாக்கி செய்தார். அதில் எட்டாவது குண்டு போனதும் காலியான தோட்டாப் பட்டை டிங் என்று வெளியே துள்ளும். கைபேசியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாய்.

"சுடறவன் குறியிலேர்ந்து கண்ணையே எடுக்க வேணாம். என்ன மூளை பாரு!"

"அப்ப எதிர்ல இருக்கறவன் எப்பதான் ஓடுவான்?"

நீ கைபேசியைக் கீழே வைத்தாய். "டிங்குனு கேட்டதும் ஓடலாம்னு சொல்வாங்க. அது சும்மா கதை. பக்கத்துல இன்னொருத்தன் நிரப்பி வச்சிருப்பான்ல."

படைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று தெருவே நடுங்கிய அன்று, பலகைக்கு அடியில் இருந்தது நீ. கடையை மூடினால் சந்தேகம் வரும் என்றாள் அம்மா. ஆள் பிடிக்க வந்தவர்களில் ஒருவன் கடைக்கு வந்தான். "ஞீமலே, சுண்ணாம்பு பத்தல," என்று பர்மியத்தில் தங்கச்சி என விளித்துச் சொல்லி, தானே எடுத்துத் தடவிக்கொண்டு, மூடியைப் பலகைமேல் எறிந்தான். டிங். அவன் செருப்புச் சத்தம் தூரம் போயிற்று. மின்கம்பத்தடியில் நின்ற இன்னொருவனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாது.

"காலி," என்று சிரித்தபடி எழப்போனாய். உன் தோளை அழுத்தினேன். விளையாடுகிறேன் என்று நினைத்தாயோ என்னவோ, இன்னும் வேகமாக எழுந்தாய். கம்பத்தடியில் நின்றவன் பார்த்துவிட்டான்; உன்னைப் படைக்கு இழுத்துப் போனார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ இல்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். உடல் வரவில்லை. எந்தத் துப்பாக்கி என்றும் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், அதைச் செய்தவரின் கதை உனக்குத் தெரிந்திருக்கும்.

மூடியைத் துடைத்து டப்பாவில் வைத்தேன். இப்போதெல்லாம் நான் ஒளிவதில்லை. ஆட்களின் முகம் பார்த்தே வெற்றிலை மடித்துக் கொடுக்கிறேன். பாப்பாவுக்குக் கூச்சம் போய்விட்டது என்கிறார்கள். ஆனால் எங்கே ஒரு தகரம் விழுந்தாலும், அண்ணா, என் உள்ளங்கைக்கடியில் உன் தோள் எழுகிறது. நான் இன்னமும் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.