சீதன வீடும் சரித்திரப் படிப்பும்

அக்கா, இன்று காலை லண்டனிலிருந்து உங்கள் மூத்தவன் அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே ஊர் வீட்டின் காணி உறுதிப் பத்திரம். பிரித்ததும் பூச்சி உருண்டை மணம் அத்திலாந்திக் கடலுக்கு இந்தக் கரையில், வோபர்னில் என் சின்னக் குசினி முழுக்கப் பரவியது. உங்கள் அலுமாரியின் மணம். கனநேரம் அதை மூடிவைக்க மனம் வரவில்லை.

அம்மா உங்களுக்குச் சீதனமாகத் தந்த வீடு அது. உங்களுக்கோ இரண்டும் பொடியன்கள். "பொம்பிளைப் பிள்ளைக்குப் போற வீடு, உன்ர மகளுக்குத்தான்" என்று அவள் பிறந்த அன்றே தொலைபேசியில் சொன்னீர்கள். அதோடு விட்டிருக்கலாம். வீடு கொடுப்பவருக்குப் படிப்பைத் தீர்மானிக்கிற உரிமையும் உண்டென்று நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்கள். ஞாயிறு தவறாமல் வட்சப்பில் உங்கள் குரல் வரும்: "உவளை டொக்டருக்கு விடு. படிச்சிட்டு அந்த வீட்டிலயே கிளினிக் போடட்டும்."

அவள் சரித்திரம் எடுத்தாள். "அப்ப வீட்டைப் பற்றி நான் யோசிக்கவேணும்" என்றீர்கள். பிறகு ஞாயிறுகளில் உங்கள் குரல் இல்லை. வீடு போனால் போகட்டும் என்று கணவரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா.

அந்தக் கோடையில் லண்டனிலிருந்து வந்தீர்கள். முகத்தை உம்மென்று வைத்தபடி குசினி மேசையில் இருந்தீர்கள். மகளுக்கு என்ன பயம்! பக்கத்தில் வந்து இருந்து, தான் படிப்பதைச் சொல்லத் தொடங்கினாள். பதினெட்டாம் நூற்றாண்டில் அத்திலாந்திக் கடலின் இரு கரைகளிலும் இருந்த குடும்பங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள்.

"பெரியம்மா, இந்த ஆள் ஸ்கொட்லாந்தில இருந்து இங்க தங்கச்சிக்கு எழுதுறார். அவவின்ர மகன் லோயருக்குப் படிச்சாத்தான் ஃபமிலி ஃபார்ம் அவனுக்காம். இல்லாட்டி இல்லையாம்."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "உவனுக்கென்ன விசரே? தோட்டம் தாய் தேப்பன்ர. படிப்பு பொடியன்ர. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறான்?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் உங்களையே பார்த்தபடி இருந்தாள். உங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எடியே, என்னை நல்லா மாட்டிப்போட்டாய்" என்று அவள் தலையில் குட்டினீர்கள். பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊரில் விடிகிற நேரம் பார்த்து உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குத் தொலைபேசி எடுத்து, "எழுதுங்கோ, பிள்ளையின்ர பேரிலயே எழுதுங்கோ" என்றீர்கள்.

அடுத்த மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். லண்டனில் உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பலர், உங்களோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்த நாட்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். எங்கள் கோபம் அந்தக் கோடையிலேயே சிரிப்பில் முடிந்துவிட்டதால், சொல்லி அழ எனக்கு அப்படி ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை, அக்கா. நீங்கள் இல்லையே என்று மட்டும்தான் அழுதேன். இன்றைக்கும் அது ஒன்றுக்காக மட்டும்தான் அழுகிறேன்.