படகில் இருந்த மனிதர்

உடையார்கட்டு
09.07.2024

தயாளினி அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை ஞாயிற்றுக்கிழமை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, அதனால் விசாரிக்கவில்லை.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்கிறாள் மகள். எடுத்தால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டு, கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவனுக்கெல்லாம் கேட்க வைப்பீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது.

நேரே கேட்கிறேன். எட்டு ஞாயிறு ஓடிய தொடரின் கடைசிப் பாகத்தில், நீர்கொழும்பில் படகை விட்டு இறங்கும்போது கமராவைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? "சாமான் எல்லாம் கட்டியாச்சு. இனிமே வீரம்மாவ விட்டுட்டு ஒரு நாளும் இருக்க மாட்டேன்." யாரைக் கேட்டுச் சாமான் கட்டினீர்கள்? எட்டு வருடமாக உங்களுக்குப் பரந்தன் சந்திக் கடைதான் வீடு. முதலில் கிழமைக்கு ஒருதரம் அங்கே படுத்தீர்கள், பிறகு மாதத்துக்கு ஒருதரம் இங்கே வந்தீர்கள், பிறகு அதுவும் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தோமா? இல்லை. சண்டைக்குக்கூட நீங்கள் வாய் திறக்கவில்லை.

நமக்குள் என்ன பேச்சு என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலில் புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு வரை படகில் கூட்டிப்போய்ப் படம் பிடிக்கிறார்கள், வயதான சோடிகளை மட்டும்தான் ஏற்றுவார்கள் என்று தயாளினி வந்து சொன்னாள். எனக்குப் போக ஆசை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தேயிலைக் கொழுந்து, வயல், அகதி முகாம், திரும்பவும் வயல் என்று கிடந்தவளுக்கு ஒருமுறை சும்மா உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டும் போலிருந்தது. தனியாக ஏற்ற மாட்டார்கள் என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். கமரா ஓடும்போது சோடி, நின்றதும் நீங்கள் உங்கள் பாட்டுக்கு, நான் என் பாட்டுக்கு. புத்தளம் பஸ் நிலையத்தில் வைத்து இதைச் சொன்னேன். தலையாட்டினீர்கள்.

இப்போது இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? பக்கத்து வீட்டுச் சுரேகா தினமும் வேலிக்கு மேலால் எட்டி, "மாமி, மாமா எப்ப வாறார்?" என்று கேட்கிறாள். கோயில் தலைவர் நல்லதம்பியருக்கு வருகிற பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பானை ஏற்ற வேண்டுமாம், ஊருக்கே நல்ல சகுனமாம். புடவை விற்க வருகிற றாபியா, "உன்ட மனிசன் தங்கம் வீரம்மா, நீதான் கல்லு" என்கிறாள். நான் என் வீட்டில் நிம்மதியாக இருந்தவள். எட்டு ஞாயிற்றுக்கிழமையில் என்னைக் கல்லாக்கிவிட்டீர்கள்.

சாமானை அவிழ்த்து வையுங்கள். இங்கே வரக்கூடாது.

இப்படிக்கு,
வீரம்மா


பரந்தன்
15.07.2024

என் அன்பு வீரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடையில் கூட்டமாக இருந்ததால் பின்னுக்குப் போய் நின்று வாசித்தேன். கோபத்திலும் உன் கையெழுத்து குண்டு குண்டாக அழகாகத்தான் இருக்கிறது.

இங்கே நிலைமை கேள். வவுனியா பஸ் கொண்டக்டர் இறங்கி வந்து என்னோடு படம் எடுக்கிறான். நேற்று ஒரு புதுச் சோடி கிளிநொச்சியில் இருந்து வந்து காலில் விழுந்தார்கள். "அம்மா எங்க ஐயா?" என்று கேட்காத ஆள் இல்லை. "வீட்டுல கோவமா இருக்கா" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொன்னேனா? இரண்டு பேருக்கும் வயதாகிறது. எனக்கு இரவில் கால் உளைகிறது. நீ அங்கே தனியே, நான் இங்கே தனியே, ஏன் இந்த வீம்பு? பாலங்களுக்குக் கீழே போகும்போது தலை இடிக்காமல் நீயும் நானும் ஒன்றாகக் குனிந்தோமே, அப்போது நீ சிரித்தாய். அதுவும் கமராவுக்கா?

உனக்குப் பிடிக்காதது என்னவென்று சொல்லு, மாற்றிக்கொள்கிறேன். நான் பேசுவதில்லை என்று காலமெல்லாம் குறை சொன்னாய். இப்போது பேசினேன், அதுவும் குறையா? படம் பிடித்த சுமன் தம்பி கேட்டான், நான் சொன்னேன். நீ என்னிடம் ஒருநாளாவது அப்படி உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாயா?

அடுத்த தொடருக்கும் நாங்கள்தான் வேண்டும் என்று சுமன் சொல்கிறான். யோசி.

அன்புடன்,
உன் ஆண்டியப்பன்


உடையார்கட்டு
19.07.2024

தயாளினி அப்பாவுக்கு,

கேட்டிருக்கிறாயா என்கிறீர்கள். கையில் மைக் இல்லாமல் கேட்டதால் உங்கள் காதில் விழவில்லை.

பாலத்துக்குக் கீழே சிரித்தது கமராவுக்கு இல்லை. வாய்க்காலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்டல் மரங்களும், கரையில் நின்று கைகாட்டிய பிள்ளைகளும், மீன்கொத்தி விழுந்து எழும்பியதும் செத்தாலும் மறக்காது. என் கோபம் உங்கள் மேல் மட்டும்தான்.

உங்களுக்குப் பிழை விளங்கவில்லை என்பதால் ஒன்றொன்றாகச் சொல்கிறேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் உங்களுக்கு "இந்தா", "ஏய்", பிள்ளை பிறந்தபிறகு "தயாளினி அம்மா". அது நம் ஆட்களின் வழக்கம், நானும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை, பரவாயில்லை. முதல் நாள் அந்தச் சுமன் உங்கள் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, "ஐயா, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ, சனத்துக்குப் பிடிக்கும்" என்றான். உடனே "வீரம்மா" என்றீர்கள். தடுமாறவில்லை. வெட்கப்படவில்லை. எத்தனையோ வருடம் சொல்லிப் பழகியவர் போலச் சொன்னீர்கள்.

சிலாபத்துக்குக் கிட்ட நான் கரையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். நீங்கள் குனிந்து ஊதினீர்கள். ஊதினீர்கள்! வவுனியா ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நான் கிடந்தபோது ஒரே ஒருநாள் வந்தீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சாப்பிட்டியா?" என்றீர்கள். கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டீர்கள்.

அதெல்லாம்கூட நான் மன்னித்துத்தான் வைத்திருந்தேன். அந்தாளுக்கு அன்பு காட்டத் தெரியாது, தெரியாததை எங்கேயிருந்து தருவார் என்று நானே எனக்குச் சொல்லி, அழுது முடித்து, அடங்கிப்போனேன். அப்படித்தான் இந்த எட்டு வருடமும் நிம்மதியாக இருந்தேன். பிறகு சுமன் கேட்கிறான், "அம்மாவுக்கு என்ன விருப்பம் ஐயா?" நீங்கள் சொல்கிறீர்கள், கருவாட்டுத் தலையைச் சுட்டுத் தின்ன விருப்பம், மழைக்கு முன் வருகிற காற்றில் வாசலில் நிற்க விருப்பம், சிவப்புக் கண்ணாடி வளையல் விருப்பம் ஆனால் கேட்க மாட்டாள். எல்லாம் சரி. ஒன்றும் பிழையில்லை. எல்லாவற்றையும் பார்த்து மனதில் வைத்திருக்கிறீர்கள்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தராமல் இருந்திருக்கிறீர்கள். அதை எப்படி மன்னிப்பது? சொல்லுங்கள்.

வீரம்மா


பரந்தன்
24.07.2024

அன்பு வீரம்மாவுக்கு,

எழுத்தில் பேசினால் இப்படித்தான் வளர்ந்துகொண்டே போகும். முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகும். தயாளினியும் அதைத்தான் சொல்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். நல்லதம்பி அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். என்னை வாசல் படலையில் நிற்கவைத்து அனுப்ப உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

சிவப்பு வளையல் வாங்கிவைத்திருக்கிறேன்.

உன் ஆண்டியப்பன்


உடையார்கட்டு
30.07.2024

தயாளினி அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து போனீர்கள். என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பஸ்ஸால் இறங்கியபோதே பாதி ஊர் பின்னால் வந்தது. முற்றத்தில் கதிரை போட்டு உட்காராத ஆள் இல்லை. நீங்கள் படகுக் கதை சொன்னீர்கள். படகின் விசிறியில் பொலித்தீன் சுற்றி நடு வாய்க்காலில் நின்றபோது நான் சேலையைச் செருகிக்கொண்டு துடுப்பை வாங்கியதை நடித்தே காட்டினீர்கள். நல்லதம்பியர் கண்ணைத் துடைத்தார். சுரேகா போனில் படம் எடுத்தாள். எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டீர்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு மணித்தியாலம் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், நான் உள்ளே போய்ப் புதுப் பாயை எடுத்துத் தட்டி விரித்தேன்.

பிறகு சனம் போனது. நான் படலையைச் சாத்திவிட்டு வந்து உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் முருங்கை மரத்தைப் பார்த்தீர்கள். பிறகு போனைப் பார்த்தீர்கள். "பயணம் எப்படி இருந்திச்சு?" என்றேன். "ம்" என்றீர்கள். சரி, கேட்டால் சொல்வேன் என்பதுபோல எழுதியிருந்தீர்களே, நானே தொடங்குவோம் என்று, "ஆஸ்பத்திரியில கெடந்தப்ப செத்துப்போயிருவேன்னு பயந்துட்டேங்க" என்றேன். அதை நான் மகளிடமும் சொன்னதில்லை. நீங்கள் கொட்டாவி விட்டு, "தேத்தண்ணி இருக்கா?" என்றீர்கள்.

ஊற்றித் தந்தேன். நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது சுரேகா விட்டுப்போன குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். படலை கிறீச்சிட்டதும் உங்கள் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிரிப்பு வந்தது. "வீரம்மா, பிள்ளைக்கும் ஒரு தேத்தண்ணி குடும்மா" என்றீர்கள். எனக்கு அத்தோடு போதும் என்றாகிவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழும்புங்க" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று சுரேகாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் உங்கள் பையைத் தூக்கி வெளியில் வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

நல்லதம்பியரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், பானையை வேறு சோடி ஏற்றட்டும் என்று. சுமனும் போனில் கூப்பிட்டான். சோடி கிடையாது தம்பி என்றேன். "சனம் கவலைப்படும் அம்மா" என்றான். நான் பட்ட கவலைக்கு யார் வந்து படம் பிடித்தது என்று கேட்டேன். பாவம், அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

கடைசியாக ஒன்று. இந்த வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. படகில் இருந்த அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமையும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவரைப் பார்க்காமலே இருந்திருந்தால் நீங்கள் வந்து ஒரு மூலையில் படுத்திருக்கலாம், நான் சோறு போட்டிருப்பேன். பார்த்துவிட்டேன். இனி என்னால் முடியாது.

அவர் எங்கேயாவது இருந்தால், சனம் இல்லாத நேரம் பார்த்துத் தனியாக வரச் சொல்லுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

வீரம்மா