குளிருது என்றாய், செல்வி அக்கா

என் அன்பு அக்கா,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் பொண்ணு காயத்ரி தலையைத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மாமா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார். நான் விழுப்புரத்தில் அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில் நர்ஸாகத்தான் இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே.

நர்சிங் படித்தபோது, என்னைப் பார்க்க வந்த உன்னை லேபுக்கு இழுத்துப்போய் விரலைக் குத்தினேனே, நினைவிருக்கிறதா? ஓ பாசிட்டிவ். நீ நிறைய பேருக்குக் கொடுக்கலாம், வாங்குவதென்றால் ஓ வகை மட்டும்தான் என்றேன்.

எந்தப் பாட்டில் தொங்கினாலும் உனக்கு அது குளுக்கோஸ். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு வந்து அசந்து படுத்தால், ஒரு குளுக்கோஸ் ஏத்திவுடேன் என்பாய். சர்க்கரைத் தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு, ரத்தம் போகும் குழாயில் உப்புத் தண்ணி தவிர எதுவும் சேரக்கூடாது என்று ஒருநாள் விளக்கினேன். “இத்தினியும் மண்டைல வச்சிக்கினு எப்பிடிடி தூங்குற?” என்று சிரித்தாய்.

இப்போது தூக்கம் வருவதில்லை அக்கா.

கர்ப்பப்பைக் கட்டியால் மாதக்கணக்கில் உதிரம் போய், உன் உடம்பில் ரத்தமே இல்லாமல் போயிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ பயந்தாய். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியது நான்தான். லீவு கிடைக்கவில்லை, மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த வார்டில் இரண்டு செல்வி. பக்கத்துக் கட்டில் செல்விக்கு பி வகை, அவளுக்கும் அன்று ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வார்டு முழுக்க ஒரே நர்ஸ், சின்னப் பெண். ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, செல்வி நீங்கதானே என்று கேட்டாளாம். நீ தலையாட்டினாயாம். பேரை உன் வாயால் சொல்லச் சொல்லவில்லை, மாமா பேரைக் கேட்கவில்லை. பையில் இருந்த எண்ணைக் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்பார்க்கவும் இல்லை.

இதுவரை ஊருக்கே தெரியும். இனிமேல் எழுதுவது யாருக்கும் தெரியாது.

பதினோரு மணி இருக்கும். மாமா டீ வாங்கப் போயிருந்தார். நீ எனக்கு போன் பண்ணினாய்.

“ரத்தம் ஏத்திக்கினு இருக்காங்க பாப்பா. குளுருது. இடுப்பு கழண்டுபோற மாதிரி நோவுது. என்னமோ பயமா இருக்குடி.”

நான் வேறொருவருக்கு மருந்து கலந்துகொண்டிருந்தேன். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது.

“பிரிட்ஜில வச்ச ரத்தம்க்கா, அதான் குளுருது. போத்திக்கினு படு. வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்.”

“சரி, நீ வேலையப் பாரு” என்று வைத்துவிட்டாய்.

குளிர், இடுப்புவலி, இனம் தெரியாத பயம். ரத்தம் ஏறும்போது இதில் ஒன்று வந்தாலும் உடனே ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல் புதுக் குழாயில் உப்புத் தண்ணி விட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றையும் நீ வரிசையாகச் சொன்னாய். நிறுத்தச் சொல் என்று ஏன் என் வாயில் வரவில்லை? வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேனே. நீ எப்போதும் பயப்படுகிறவள் என்று நினைத்துவிட்டேனா?

ஒரு மணி நேரம் கழித்து, உனக்கு மூச்சு வாங்குகிறது என்று மாமா கூப்பிட்டார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பை காலியாகியிருந்தது. அதில் பி என்று பெரிதாக அச்சடித்திருந்தது. உன் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் இறங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன் சிறுநீரகம் இரண்டு நாள்தான் தாங்கியது.

அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் வாசலில் அழுதுகொண்டு நின்றபோது எல்லாரும் திட்டினார்கள். எல்லாரையும்விட சத்தமாகத் திட்டியவள் நான்.

காரியத்தன்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கூட இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா” என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இப்போது ஒவ்வொரு பையையும் மாட்டுவதற்கு முன் நோயாளியின் வாயால் பேரைச் சொல்ல வைக்கிறேன். இன்னொரு நர்ஸைக் கூட நிறுத்தி எண்ணைப் படிக்க வைக்கிறேன். முதல் கால் மணி நேரம் கட்டிலை விட்டு நகருவதில்லை. மெதுவாக வேலை செய்கிறேன் என்று திட்டு வாங்குகிறேன். இதனால் உனக்கு என்ன அக்கா? ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரம்மதேசத்துக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன். மாமாவையும் காயத்ரியையும் உட்காரவைத்து, நீ சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகலாம். போனாலும் சொல்லுவேன், இது உனக்குச் சத்தியம்.

நீ கூப்பிட்டும் காது கொடுக்காத
உன் தங்கச்சி,
மலர்